இரு பாடல்களுக்கு இடையே

டி.ஜே. என்னும் இரண்டு எழுத்துகள் காதில் விழுந்தவுடன் நம் வீடுகளில் பெரியவர்கள் சன்னலைச் சாத்துகின்றனர். அவர்கள்மேல் குறை சொல்வதற்கில்லை. விநாயகர் ஊர்வல நாட்களில் சுவர்க் கடியாரம் அதிர்ந்ததையும், தொட்டிலில் உறங்கிய குழந்தை அலறி எழுந்ததையும் நாச்சாரத்து அன்பர்கள் அறிவார்கள். ஊர்தியின்மேல் ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஆள் உயரத்திற்கு அடுக்கித் தெருவையே நடுங்கச் செய்வதற்கு இந்நகரில் டி.ஜே. என்று பெயர் வந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று எல்லை வகுத்துள்ளன. அவ்வெல்லையை மதித்தவர் சிலரே. 2024 அக்டோபரில் ஐதராபாத் நகரக் காவல்துறை, சமய ஊர்வலங்களில் டி.ஜே. ஒலியமைப்பையே தடை செய்து ஆணை பிறப்பித்தது. அன்று எங்கள் தெருவில் வருந்தியவர் ஒருவரும் இலர்.

ஆயினும் பெட்டிகளை அடுக்குவது வேறு; ஒரு பாட்டிலிருந்து மற்றொரு பாட்டிற்கு, ஆடுவோர் கால் தடுமாறாவண்ணம் அழைத்துச் செல்லும் தொழில் வேறு. பின்னதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். அதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் தமக்கையின் மகன் மூன்றாண்டுகளாக எங்களுடன் வசிக்கிறான். வயது இருபத்திரண்டு. பகலில் நாச்சாரம் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் வேலை. தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பிறர் பயன்படுத்திய டி.ஜே. கருவி ஒன்றை வாங்கிவந்தான். மாலையில் அதன்முன் அமர்ந்தால் உணவு ஆறிப்போவதும் அவனுக்குத் தெரிவதில்லை. செய்தி விழுப்புரம் போயிற்று. தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, அவன் அப்பா இருந்திருந்தால் இதற்கு இடம் கொடுத்திருப்பாரா? நாளைக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் பிள்ளை என்ன செய்கிறான் என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? பொங்கலுக்குள் அந்தப் பெட்டியை விற்றுவிடச் சொல்."

கணவனை இழந்து, தையல் இயந்திரத்தை மிதித்து ஒரே மகனைப் படிக்கவைத்தவர் அவர். அவருடைய அச்சத்தைத் தள்ளிவிட முடியுமா? அதே நேரத்தில், இன்னதென்று அறியாத ஒன்றை விற்றுவிடு என்று பிள்ளைக்குச் சொல்வதும் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆகவே இரவு உணவுக்குப் பின் நாங்கள் இருவரும் அவனருகில் அமர்ந்து, அவன் செய்வதைப் பல நாள் கவனித்தோம்.

டிஸ்க் ஜாக்கி என்பதன் சுருக்கமே டி.ஜே. இசைத்தட்டை ஓட்டுபவர் என்று பொருள். அவ்வகையில் நம் தந்தையர் தலைமுறைக்கும் டி.ஜே. உண்டு. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் எஸ். பி. மயில்வாகனன் ஒரு பாடலையும் அடுத்த பாடலையும் தம் பேச்சால் இணைத்ததை இன்றும் சொல்லி மகிழ்வோர் நம்மிடையே இருக்கின்றனர். வானொலியில் இடைவெளியைப் பேச்சு நிரப்பிற்று. ஆடற்கூடத்திலோ பேச்சுக்கு இடமில்லை, இடைவெளிக்கும் இடமில்லை. பாட்டு நின்றால் ஆடுபவர் நாற்காலியைத் தேடிப் போய்விடுவர். 1960-களின் இறுதியில் நியூயார்க் நகரில் பிரான்சிஸ் கிராசோ என்பவர் இரண்டு தட்டுகளின் தாள அடிகளை ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவைத்து, முதற் பாட்டு முடியுமுன் இரண்டாவதை நுழைத்துக் காட்டிப் புகழ் பெற்றார். காதும் விரலுமே அவருக்குக் கருவி. 1972-இல் ஜப்பானிலிருந்து டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்னும் தட்டுச்சுழற்றி வந்தது. 1979-இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில், வேகத்தை நூற்றுக்கு எட்டுப் பங்கு கூட்டவும் குறைக்கவும் ஒரு நழுவுகோல் இருந்தது. எங்கள் மருமகனின் சிறு கருவியிலும் அதே அமைப்புத்தான்: இருபுறமும் இரண்டு வட்டங்கள், நடுவே ஒலிகளைக் கலக்கும் மிக்சர், பக்கத்தில் நழுவுகோல்.

இத்தொழிலின் உயிர், காதில் மாட்டும் ஹெட்போனில் இருக்கிறது. ஒரு காது கூடத்தில் ஒலிக்கும் பாட்டைக் கேட்கிறது. மற்றொரு காது, அடுத்து வரப்போகிற பாட்டைக் கேட்கிறது. அதை அவனன்றி வேறு எவரும் கேட்பதில்லை. இரயில்வேயில் அடுத்த நிலையத்திலிருந்து லைன் கிளியர் கிடைக்காமல் வண்டியை அனுப்புவதில்லை. நாங்கள் மேசைமுன் அமர்ந்து பதிவேடு எழுதும் குமாஸ்தாதான். கொடி காட்டுபவர் அல்லர். ஆயினும் அந்த முறையின் அருமை இருபாலும் ஒன்றென்றே தோன்றியது. வரும் பாட்டுக்கு வழி தெளிந்த பின்னரே அவன் கை அசைகிறது.

முதலில் வேகம். இயந்திரத்தால் ஆக்கப்படும் ஆட்ட இசை பெரும்பாலும் நிமிடத்திற்கு 120 முதல் 130 அடி வரை ஓடும். 128 என்பது மிகப் பழகிய கணக்கு. ஒரு பாட்டு 128, மற்றொன்று 128.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை அடிதானே என்று எண்ணலாம். ஒரே நிமிடத்தில் இரண்டும் சரியாக அரை அடி விலகி, ஒன்றின் அடி மற்றதன் இடைவெளியில் விழும். கல் தரையில் நொண்டிக் குதிரை ஓடுவது போலக் கேட்கும். இந்த நிலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் டிரெயின் ரெக். இரயில் விபத்தாம்! வேறு உவமையே அகப்படவில்லையா என்று கேட்டோம். "மாமா, நான் வைத்த பெயர் இல்லை" என்று சிரித்தான்.

இக்காலக் கருவிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேகம் தானே சமமாகும். "அப்படியானால் நீ எதற்கு?" என்று வீட்டில் கேட்டாள்.

"வேகம் சேரும், அத்தை. இடம் சேராதே!" என்றான்.

அந்த இடம் என்பதை விளங்கிக்கொள்ளவே எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. இவ்வகைப் பாடல்கள் நான்கு நான்கு அடிகளாக நடக்கின்றன. எட்டு நான்குகள், அதாவது 32 அடிகள் சேர்ந்தால், செய்யுளில் ஒரு கண்ணி முடிவது போல் ஒரு பகுதி முடிகிறது. 128 வேகத்தில் அதற்கு ஆகும் நேரம் சரியாக 15 விநாடி. முப்பத்திரண்டு முடிந்ததும் ஏதேனும் ஒன்று மாறும்: புதிய வாத்தியம் ஒன்று நுழையும், அல்லது முழக்கம் அடங்கும். ஆடுபவர் எவரும் எண்ணிக்கொண்டு ஆடுவதில்லை. ஆனால் அவர் கால் எண்ணிக்கொண்டிருக்கிறது. வரும் பாட்டின் முதல் அடி, போகும் பாட்டின் ஒரு பகுதியின் முதல் அடியில் விழ வேண்டும். ஐந்தாம் அடியிலோ பதினேழாம் அடியிலோ விழுந்தால் வேகம் ஒத்திருந்தும் பயனில்லை. பாடகர் எடுப்பைத் தவறவிட்டால் மிருதங்கக்காரர் நிமிர்ந்து பார்ப்பாரே, அது போலக் கூடமே ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கும்.

அடுத்தது, தாழ்ந்த ஒலி. ஒவ்வொரு பாட்டிலும் நெஞ்சில் இடிக்கும் பேரிகை ஒலி ஒன்று கீழே ஓடுகிறது. இரண்டு பாட்டின் அவ்வொலியும் ஒருங்கே ஒலித்தால் இரண்டும் குழம்பும். மிக்சரில் தாழ்வு, நடு, உச்சம் என மூன்று திருகுகள் ஒவ்வொரு பாட்டிற்கும் உண்டு. புதிய பாட்டை நுழைக்கும்போது அதன் தாழ்வைத் திருகி அடக்கிவைக்கிறான். உச்சத்தில் ஒலிக்கும் தாளச் சலசலப்பு மட்டும் மெல்லக் கசிகிறது. பகுதி மாறும் அந்த முதல் அடியில், ஒரு கை பழையதன் தாழ்வை அடக்க, மறு கை புதியதன் தாழ்வைத் திறக்கிறது. பிறகு பழைய பாட்டு விருந்தாளியைப் போல் விடைபெற்றுப் போகிறது. நன்கு செய்யப்பட்டால், எந்த இடத்தில் மாறிற்று என்று கேட்பவர் சொல்ல இயலாது.

சுருதி ஒன்று இருக்கிறது. நம் பெரியவர்கள் இதனை எளிதில் உணர்வார்கள். தட்டின் வேகத்தை நூற்றுக்கு ஆறு பங்கு கூட்டினால் சுருதி ஏறக்குறைய அரைச் சுரம் ஏறிவிடும். அக்காலத்தில் அதைத் தவிர்க்க வழியில்லை. இன்றைய கருவி சுருதியைக் கட்டிவைத்து வேகத்தை மட்டும் மாற்றவல்லது. எனினும் எந்தச் சுருதிக்குப் பின் எந்தச் சுருதி இனிக்கும் என்பதை மனிதனே தெரிந்தெடுக்க வேண்டும். அவர்கள் கடியார முகம் போன்ற ஒரு சக்கரம் வைத்திருக்கின்றனர். அதில் பக்கத்துப் பக்கத்து எண்கள் ஒன்றுக்கொன்று பஞ்சமமாகவோ மத்தியமமாகவோ அமைகின்றன. நம் கச்சேரிகளில் புன்னாகவராளி, செஞ்சுருட்டி போன்றவற்றை மத்தியம சுருதியில் பாடும்போது செவி எவ்வளவு இதமாக இசைந்துபோகிறது! சக்கரத்தில் ஒரு படி நகர்வதும் அதுவே. இராகமாலிகைக்கும் இதற்கும் ஒப்புமை கூறுவோர் உண்டு. நாங்கள் அதை ஏற்கவில்லை. இராகமாலிகையில் இராகம் மாறினாலும் ஆதார சுருதி அசையாது. இங்கோ ஆதாரமே இடம்பெயர்கிறது. வேலை கடினமானது இங்குத்தான்.

இது மேனாட்டுச் சரக்கு, நமக்கெதற்கு என்பாரும் உளர். பம்பாயில் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் என்பவர் 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் மின்னிசைக் கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை ஆட்டத் தாளத்தில் பதிவு செய்தார். அந்நாளில் அதை வாங்கியோர் மிகச் சிலர். 2010-இல் மறுபதிப்பு வந்தபின், மேனாட்டார் தங்கள் ஆட்ட இசைக்கு முன்னோடியோ இது என்று வியந்தனர். அவர் 2015-இல் காலமானார். சரக்கு எங்கிருந்து எங்குப் போயிற்று என்று நிறுத்துப் பார்ப்பது அவ்வளவு எளிதன்று.

சென்ற ஆவணியில் ஒரு திருமண வரவேற்பு. நாச்சாரத்திலேயே, ஒரு மண்டபத்தின் திறந்த முற்றத்தில். மணமகள் நம் தமிழ் இரயில்வேக் குடும்பத்தவள், மணமகன் தெலுங்கர். இசைப் பொறுப்பு எங்கள் மருமகனுக்கு வந்தது. பணம் குறைவு என்பதால்தான் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பெண் வீட்டு இளைஞர் குத்துப்பாட்டு கேட்டனர். பெண்ணின் பாட்டனார், விஸ்வநாதன்–இராமமூர்த்தி காலத்துப் பாட்டு ஒன்றேனும் வேண்டும் என்றார். மாப்பிள்ளையின் தோழர்கள் தீன்மார் கேட்டனர். அலுவலக நண்பர்கள் மின்னாட்ட இசை கேட்டனர். இதில் இசைக்கு அப்பாற்பட்ட இடர் ஒன்றும் இருந்தது. கலப்புத் திருமணத்தில் ஒரு வீட்டார் பாட்டு அரை மணி ஓடினால் மற்ற வீட்டார் கைகட்டி உட்கார்ந்துவிடுவர். அவர்களுக்கு அரை மணி கொடுத்தால் இவர்கள் உட்காருவர். நிச்சயதார்த்தத்திலேயே இரு வீட்டாருக்கும் சிறு மனத்தாங்கல் இருந்தது. எனவே பாட்டுகளை அடுத்தடுத்து மாற்றியாக வேண்டும். மாறும் இடம் தெரியவும் கூடாது.

தீன்மார் இந்நகரத்தின் தனிச்சொத்து. மூன்று அடி என்பது அச்சொல்லின் பொருள். போனாலு விழாவில் அதைக் கேட்காதவர் இரார். நம் குத்துப்பாட்டும் பெரும்பாலும் அதற்கு உறவுதான். இரண்டும் திஸ்ர நடை. ஆகையால் அவ்விரண்டையும் இணைப்பது, மொழி வேறானாலும், பங்காளிகளை ஒரே பந்தியில் அமர்த்துவது போல எளிதாயிற்று. மின்னாட்ட இசையோ சதுஸ்ர நடை. நிமிடத்திற்கு 120 அடி என்று கொள்வோம். திஸ்ரத்தில் அதற்குள் 360 சிறு தட்டுகள், சதுஸ்ரத்தில் 480. அடியின் தலைப்பில் மட்டுமே இரண்டும் சந்திக்கும். இடையில் உள்ளவை ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். பொத்தானை நம்பி இரண்டையும் ஒருங்கே ஓட்டினால் அரிசியோடு கல்லைச் சேர்த்து அரைத்தது போலாகும்.

தவில் வித்துவான் காலப்பிரமாணத்தை விடாமல் நடையை மட்டும் மாற்றுவதைக் கோயில் திருவிழாக்களில் கண்டிருப்பீர்கள். இவன் செய்ததும் அதுவே. தீன்மாரின் உச்சத்தையும் நடுவையும் படிப்படியாக அடக்கினான். சிறு தட்டுகள் யாவும் மறைந்து, அடியின் தலைப்பில் விழும் பெரிய முழக்கம் மட்டும் எஞ்சியது. வெறும் எட்டு அடி. அவ்வெட்டு அடியில் திஸ்ரமும் இல்லை, சதுஸ்ரமும் இல்லை. ஆடுபவர் கால் மட்டும் அதே வேகத்தில் தரையைத் தொடுகிறது. ஒன்பதாம் அடியில் மின்னாட்ட இசை புகுந்தது. தோள் ஆடும் விதம் மாறிற்று; கால் நிற்கவில்லை.

பாட்டனார் கேட்ட பாட்டுத்தான் அவனை இரண்டு வாரம் உறங்கவிடவில்லை. அக்காலத்தில் பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே நேரத்தில் இசைக்க, அப்படியே பதிவு செய்தனர். இயந்திரக் கடியாரம் எதுவும் தாளம் சொல்லவில்லை. பல்லவியில் ஒரு வேகம், சரணத்தின் உணர்ச்சியில் நூலளவு தளர்வு, மறுபடி இறுக்கம். அதுதான் அப்பாடல்களின் மூச்சு. கருவியோ எங்கும் ஒரே அளவு கோடு கிழித்து வைத்துக்கொண்டு, பாட்டு கோட்டைவிட்டு விலகும்போதெல்லாம் தடுமாறுகிறது. இவன் கருவியின் கணக்கை ஒதுக்கிவிட்டுத் தானே கையால் ஒவ்வோர் அடியையும் குறித்தான். பாடகர் குரல் உள்ள இடத்தை எங்கும் தொடவில்லை. இடையிசையில் குழலும் வயலினும் வரும் நான்கு சுற்றைத் தெரிந்து, அதனை வளையமாக்கித் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் அடியில் மெல்லிய புதுத் தாளம் ஒன்றைச் சேர்த்தான். பிறகு தாளத்தை விலக்கிப் பாட்டைத் தன் வழியே விட்டுவிட்டான். பாட்டனார் ஆடவில்லை. முழங்கால்மேல் விரல்கள் தாளம் போட்டன. பக்கத்தில் அமர்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், அதே மெட்டைத் தெலுங்கில் கேட்டதாகச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினார். பொழுது போகுமட்டும் இருவரும் பிரியவில்லை.

ஓரிடத்தில் அந்த இரயில் விபத்தும் நேர்ந்தது. மாப்பிள்ளையின் தோழர் ஒருவர் மேடையேறி, கைபேசியைக் காட்டி, இதை இப்போதே போடு என்று தோளை உலுக்கினார். அவன் கை நழுவி இரண்டு பாட்டும் மோதின. மூன்று விநாடி இருக்கும். அவன் பதறவில்லை. இரண்டையும் அடியோடு நிறுத்தி, கையை மேலே தூக்கித் தட்டினான். கூட்டம் அது விளையாட்டென்று எண்ணித் தானும் கைதட்டிற்று. அந்தக் கைத்தாளத்தின்மேல் அடுத்த பாட்டை இறக்கினான். சரியாக 9.45-க்கு வேகத்தைத் தளர்த்தத் தொடங்கி, 10 மணிக்குள் ஒலியை அடக்கினான். பொது இடத்தில் அதன்பின் ஒலிபெருக்கி கூடாதென்பது விதி.

தமக்கையாருக்கு நாங்கள் சொன்னது இவ்வளவே. இதில் வரும்படி நிலையானதன்று. முகூர்த்த மாதங்களில் வரும், மற்ற மாதங்களில் வராது. ஆகவே ஆலை வேலையை விடக்கூடாதென்று அவனுக்குக் கட்டளையிட்டிருக்கிறோம். காது கெடும் தொழில் என்பதும் மெய். ஆட்டக் கூடங்களில் சராசரி ஒலி 100 டெசிபெல்லைக் கடக்கலாகாதென உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. அதனினும் மிகக் குறைவாகவே வைப்பதென்றும், காதடைப்பான் இன்றிப் பெட்டிகளருகே நிற்பதில்லையென்றும் அவனிடம் வாக்குப் பெற்றிருக்கிறோம். குடியில்லை, அதை நாங்கள் கண்ணால் காண்கிறோம். திருமணத்தில் கிடைத்த பணத்தை உறையோடு தாய்க்கு அனுப்பினான்.

இவ்வளவு சொல்லியும் தமக்கையார் மௌனமாகவே இருந்தார். பிறகு அவன், அன்றிரவு பதிவு செய்திருந்ததில் பத்து நிமிடத்தை அவருக்கு அனுப்பினான். மறுநாள் அழைத்தார்.

"குழல் பாட்டு நன்றாக இருந்தது, தம்பி. அது முடிந்து தெலுங்குப் பாட்டு எப்போது வந்தது? நானும் மூன்று முறை கேட்டுவிட்டேன், அந்த இடம் அகப்படவில்லையே!"

மருமகன் தொலைபேசியை வாங்கி, அந்த இடம் எதுவென்று தாய்க்கு நெடுநேரம் விளக்கிக்கொண்டிருந்தான். பெட்டியை விற்கும் பேச்சு அன்று எழவில்லை. முற்றிலும் இசைந்துவிட்டார் என்றும் கூறமாட்டோம். "பொங்கல் கழியட்டும், பார்க்கலாம்" என்றிருக்கிறார்.

வரும் பொங்கல் விழாவில், சிறுவர் நடனத்திற்கும் விருந்துக்கும் இடையே அவனுக்கு அரை மணி நேரம் தருவதாகச் சங்கத்தார் கூறியுள்ளனர். ஒலிபெருக்கி இரண்டே, அவையும் கூடத்தின் உட்புறம் நோக்கியே இருக்கும். 1950-கள், 60-களின் தமிழ்த் திரைப்பாடல்களில் நீண்ட இடையிசை உள்ளவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறான். கைபேசியில் கிடைப்பவை பல தேய்ந்த பதிவுகள். அன்பர்கள் இல்லத்தில் பழைய இசைத்தட்டோ ஒலிநாடாவோ பரண்மேல் இருக்குமாயின், பெயரெழுதிச் சங்க நூலகத்தில் கொடுத்து உதவுக. பதிவு செய்துகொண்டு, மார்கழி முடியுமுன் பழுதின்றித் திருப்பித் தருவதற்கு நாங்கள் பொறுப்பு.